வண்டியை நிறுத்தாமல் போனால் போலீஸ் சுடலாமா?

உங்கள் கேள்வியில் இரண்டு விஷயம் இருக்கிறது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி அமெரிக்கப் போலீஸ் சுட்டுவிடுகிறதே, அது சரியா என்பது ஒன்று. நம் ஊர் போலீசுக்கும் அந்த அதிகாரம் கொடுத்தால்தான் நிற்காமல் பறக்கிறவர்களுக்குப் பயம் வரும் என்று பலர் சொல்கிறார்களே, உண்மையா என்பது இன்னொன்று. முதல் கேள்வி மட்டும் என்றால் படித்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவதைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நீங்கள் பெரும்பாலும் காரில் போகிறவராக இருப்பீர்கள், உங்களைச் சாலையில் யாரும் கை நீட்டி அடித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நான் சங்ககிரிக்காரன். அப்பா லாரி டிரைவர். நானும் பல வருஷம் ஓட்டிவிட்டு இப்போது சொந்தமாக வண்டி வைத்திருக்கிறேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு முகத்தில் டார்ச் அடித்து நிறுத்துவது எங்களுக்குப் பழகிப் போன விஷயம். போலீஸ்காரர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. என் பெரியப்பா மகனே போலீஸில்தான் இருக்கிறான், அவன் படுகிற பாடும் எனக்குத் தெரியும்.

அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. அக்கா மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்கே போன புதிதில் அவனை ஒருமுறை போலீஸ் நிறுத்தியிருக்கிறது. இவன் நம் ஊர் வழக்கப்படி பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கப் போக, பின்னாலிருந்து பெரிய சத்தம். "மாமா, இங்கெல்லாம் எறங்கவே கூடாதுங்க. ரெண்டு கையும் ஸ்டியரிங் மேல வெச்சுட்டு அசையாம உக்காந்திருக்கோணும். லைசென்ஸ் எடுக்கறதுன்னாக்கூட சொல்லிப்போட்டுத்தான் எடுக்கோணும்" என்றான். நம் ஊரில் அப்படியே தலைகீழ். அதிகாரி ஜீப்பில் உட்கார்ந்திருப்பார். டிரைவர் இறங்கி, ஆர்.சி., பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஓடிப் போய்க் காட்ட வேண்டும். கேபினிலேயே உட்கார்ந்திருந்தால் அதுதான் திமிர். அங்கே இறங்குகிறவனைப் பார்த்துப் போலீஸ் பயப்படுகிறது, எல்லார் கையிலும் துப்பாக்கி இருக்கிற நாடு என்பதால்.

அந்தப் பயம் பொய் இல்லை. ஆனால் அது எங்கே கொண்டுபோய் விட்டது என்று பாருங்கள். 2016 ஜூலையில் மினசோட்டாவில் பிலாண்டோ காஸ்டில் என்பவரை நிறுத்தினார்கள். பள்ளிக்கூடத்து உணவுக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிரேக் லைட் எரியவில்லை என்பது அவரிடம் சொன்ன காரணம். தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே முன்கூட்டி மரியாதையாகச் சொன்னார். அதற்கு லைசென்ஸும் வைத்திருந்தார். அடுத்த சில நொடிகளில் அதிகாரி ஏழு தடவை சுட்டார். காரில் அவருடைய துணைவியும், அந்தப் பெண்ணின் நாலு வயது மகளும் இருந்தார்கள். மறு வருஷம் ஜூரி அந்த அதிகாரியை விடுதலை செய்துவிட்டது. அந்த நொடியில் அவர் பயந்தார் என்பதை நம்பினால் போதும், வழக்கு அதோடு முடிந்தது.

இந்த "அந்த நொடி" என்கிற கணக்குதான் என்னை எழுத வைத்தது. எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2018 மார்ச்சில் திருச்சி துவாக்குடி பக்கம் ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன தம்பதியை ஒரு இன்ஸ்பெக்டர் துரத்திப் போய் வண்டியை எட்டி உதைத்து, பின்னால் இருந்த பெண் விழுந்து இறந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஜனங்கள் நெடுஞ்சாலையையே மறித்துவிட்டார்கள், இன்ஸ்பெக்டரைக் கைது செய்தார்கள். அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம், என் தம்பியும் அவன் மனைவியும் ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் துணி எடுத்துக்கொண்டு பைக்கில் வந்துகொண்டிருந்தார்கள். இருட்டத் தொடங்கிய நேரம். ஒரு வளைவு, அங்கே ஒரு பெரிய புளியமரம். தடுப்பு எதுவும் வைக்கவில்லை, விளக்கும் இல்லை. மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கான்ஸ்டபிள் திடீரென்று ரோட்டுக்கு வந்து லத்தியைக் குறுக்கே நீட்டினார். தம்பி பிரேக் அடித்தும் வண்டி நிற்கவில்லை. லத்தி ஹேண்டில்பாரில் மாட்டி வண்டி சாய்ந்தது. தம்பிக்கு வலது தோள்பக்கம் காறை எலும்பு முறிந்தது. அவன் மனைவிக்கு முழங்காலில் சதை பிய்ந்து எலும்பு தெரிந்தது. கட்டைப்பையில் இருந்த பாவாடைத் துணியெல்லாம் ரோட்டில். கான்ஸ்டபிள் முதலில் செய்த வேலை, கீழே கிடந்த வண்டியிலிருந்து சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டது. தூக்கிவிட்டது, பின்னால் வந்த டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள்.

தம்பி ஹெல்மெட் போடவில்லை. தப்புத்தான், அதைச் சொல்லிக்காட்ட யாரும் கீழே கமெண்டில் வரிசையில் நிற்க வேண்டாம். ஆனால் அன்றைக்கு அந்தத் தப்புக்கு நம் மாநிலத்தில் அபராதம் 100 ரூபாய். 1000 ரூபாய் ஆனது 2022-ல்தான்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மஃப்டியில் ஒருவர் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்., அடிபட்டு வருகிறவர் விவரத்தை ஆஸ்பத்திரியில் எழுதி வைக்கிற பதிவேடு) "பைக்கிலிருந்து தானாக விழுந்ததாகச் சொல்கிறார்" என்று எழுதியிருந்தார்கள். தம்பி அப்படிச் சொல்லவே இல்லை, வலியில் கத்திக்கொண்டிருந்தான். நான் அங்கேயே நின்று பிடிவாதமாகக் கேட்டேன். டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னையும் அந்த மஃப்டிக்காரரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, தம்பியிடம் நேராகக் கேட்டு, அவன் சொன்னதை அப்படியே எழுதினார். அந்த ஒரு வரியால்தான் பின்னால் எல்லாம் நடந்தது. அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

ஸ்டேஷனில் வழக்கமான பேச்சு. "நீங்க கேஸ் குடுத்தா, ஹெல்மெட் போடாம நிக்காம போனதுன்னு உங்க தம்பி மேலயும் கேஸ் வருமுங்க, யோசிச்சுக்குங்க." அப்பாகூட "எதுக்குடா சாமி போலீஸ்கூட வம்பு, உட்ரு" என்றார். நான் விடவில்லை. மாவட்ட அளவில் மனு கொடுத்து, விசாரணை வைத்து, அந்தக் கான்ஸ்டபிளை ஆயுதப்படைக்கு மாற்றினார்கள். வைத்தியச் செலவுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை, அது வேறு கதை. விசாரணையில் அவர் சொன்னது இதுதான்: "நான் அடிக்கலீங்க. நிறுத்தத்தான் நீட்டுனேன். அவுருதான் வேகமா வந்து மோதுனாரு. நகுந்திருக்காட்டி என் மேலயே ஏறியிருக்கும்."

இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். லத்தி நீட்டிய அந்த ஒரு நொடியை மட்டும் எடுத்துப் பார்த்தால் அவர் பொய் சொல்லவில்லை. வண்டி அவர் மேல்தான் வந்தது. அவர் பயந்தும் இருப்பார். ஆனால் அவரை மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்கச் சொன்னது யார்? வளைவில், இருட்டில், தடுப்பு இல்லாமல் ஓடுகிற வண்டிக்குக் குறுக்கே போய் நின்றது யார்? ஆபத்தை உண்டாக்கியது அவர், பிறகு அந்த ஆபத்தையே காரணமாகக் காட்டுகிறவரும் அவர். 2018 செப்டம்பரில் லக்னோவில் நள்ளிரவில் கார் நிற்கவில்லை என்று ஒரு கான்ஸ்டபிள் சுட்டு, ஆப்பிள் கம்பெனி ஊழியர் ஒருவர் செத்தாரே, அங்கேயும் இதே பேச்சுத்தான்: என் மேல் ஏற்றப் பார்த்தார்.

இதைப் புரிந்துகொண்ட ஒரு தீர்ப்பு அமெரிக்காவிலிருந்தே வந்திருக்கிறது. நம் ஆட்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. பார்ன்ஸ் எதிர் ஃபெலிக்ஸ் என்கிற வழக்கு. 2016-ல் ஹூஸ்டனில் ஒரு வாடகைக் கார், டோல் பாக்கிக்காக நிறுத்தப்பட்டது. டோல் பாக்கி, அவ்வளவுதான். கார் நகரத் தொடங்கியதும் அதிகாரி கதவோரப் படியில் தாவி ஏறிக்கொண்டு, உள்ளே பார்க்காமலே சுட்டார். ஏறியதற்கும் முதல் குண்டுக்கும் நடுவில் இரண்டு நொடி. கீழ் நீதிமன்றங்கள் அந்த இரண்டு நொடியை மட்டும் பார்த்து, ஓடுகிற காரில் தொங்கிக்கொண்டிருந்தவர் உயிருக்குப் பயந்தது நியாயம் என்றன. 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள்: கடைசி நொடியை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, அதற்கு முன் நடந்தது முழுவதையும் சேர்த்துத்தான் எடை போட வேண்டும். அதிகாரி குற்றவாளி என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை, திரும்ப விசாரிக்கச் சொல்லி அனுப்பினார்கள். எனக்கு அதுவே போதும். எங்கள் விசாரணையில் நான் கத்திக் கத்திச் சொன்னதும் அதுதான்.

இதே அளவுகோலை வைத்தால் போலீஸ் பக்கம் நியாயம் வருகிற இடமும் உண்டு. 2024 செப்டம்பர் 27-ல் எங்கள் பக்கத்து வேப்படையில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்த கும்பல், காரை கண்டெய்னருக்குள் ஏற்றிக்கொண்டு வந்தது. குமாரபாளையம் பக்கம் வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு நிற்காமல் ஓடியது. துரத்திப் பிடித்தபோது போலீஸைத் தாக்கியதாகச் சொல்கிறார்கள். ஒருவன் சுடப்பட்டுச் செத்தான், இன்னொருவனுக்குக் காலில் குண்டு. இன்ஸ்பெக்டருக்கும் எஸ்.ஐ.க்கும் காயம். அங்கே முன்னால் நடந்ததைப் பார்த்தால், ரோட்டில் போகிற ஜனங்களுக்கே அந்த லாரியால் ஆபத்து. போலீஸ் அதை உண்டாக்கவில்லை. அப்படியும் என்கவுன்டர் என்றால் சுயேச்சையான விசாரணை கட்டாயம் என்று 2014-ல் நம் உச்ச நீதிமன்றம் விதி போட்டிருக்கிறது, அது நடக்கத்தான் வேண்டும். களியக்காவிளை செக்போஸ்டில் 2020 ஜனவரியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றதையும் நான் மறக்கவில்லை. ராத்திரி தனியாக வண்டியை மறிக்கிறவருக்கு உயிர்ப்பயம் இருக்கும். அவர் கையில் ஆயுதம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பயம் உண்டாக்குவதற்காக ஆயுதம் என்றால் ஒத்துக்கொள்ள முடியாது. 2021 ஜூனில், ஊரடங்கு நேரத்தில், சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் பக்கம் செக்போஸ்டில் ஒரு வியாபாரியை லத்தியால் அடித்தே கொன்றார்கள். வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் துப்பாக்கி வைத்திருந்தாரா, யார் மேலாவது வண்டியை ஏற்றினாரா? வாக்குவாதம் செய்தார். லத்திக்கே இந்த நிலைமை. இதில் துப்பாக்கிச் சுதந்திரம் வேறு வேண்டுமாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு, பழைய சட்டத்தில் 46. கைதுக்கு எதிர்த்தால் தேவையான பலத்தைப் பயன்படுத்தலாம். ஆனால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய குற்றம் சாட்டப்படாத ஒருவரைச் சாகடிக்கும் உரிமை அதில் கிடையாது. ஹெல்மெட்டும் ஓவர்லோடும் அந்தப் பட்டியலில் எங்கே வரும்? தற்காப்பு தனி, அது உங்களுக்கும் எனக்கும் இருக்கிற மாதிரி போலீசுக்கும் உண்டு. நிற்காமல் ஓடுவது மட்டும் தற்காப்புக்குக் காரணம் ஆகாது.

"அப்போ ஓடுறவனை விட்டுவிடணுமா?" என்று யாராவது கேட்பீர்கள். இந்த இடத்தில் என் வயிற்றெரிச்சல் ஒன்றையும் கொட்டிவிடுகிறேன். என் லாரி எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்கிற சான்று) வேலைக்காகப் பட்டறையில் சக்கரம் கழற்றி நிற்கிறது. அந்த வாரம் வேறொரு மாவட்டத்தில் அதிவேகமாகப் போனதாக ஆன்லைன் கேஸ் போட்டு மெசேஜ் வருகிறது. யாரும் வண்டியை நிறுத்தவில்லை, டிரைவரைப் பார்க்கவில்லை, நம்பரை அடித்தால் முடிந்தது. ஆட்சேபணை சொல்லப் போனால் ஆன்லைனில் போடுங்கள் என்கிறார்கள், போட்டால் பதில் இல்லை. கட்டாவிட்டால் எஃப்.சி. எடுக்கும்போது மாட்டிக்கொள்ளும். டீசல் விலை, டயர் விலை, டோல், இதற்கு மேல் இது. லாரிக்காரன் என்றால் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம் என்று ஆகிவிட்டது.

நிற்கிற லாரிக்கே நம்பரை வைத்துக் கேஸ் போட முடிகிறது என்றால், நிற்காமல் போகிற பைக்கின் நம்பரைக் குறித்துக்கொள்ள என்ன கஷ்டம்? ஆர்.சி.யில் முகவரி இருக்கிறது. அடுத்த சோதனைச் சாவடிக்கு வயர்லெஸ்ஸில் சொல்லலாம், மறுநாள் காலையில் வீட்டுக்கே போகலாம். திருட்டு வண்டி, போலி நம்பர் என்றால் விஷயம் வேறு, அதற்குத் தடுப்பும் வெளிச்சமும் நாலு ஆளும் வைத்து முறையாக மறிக்கட்டும். மரத்தடியில் ஒளிந்து பாய்வதற்கு அதில் என்ன காரணம் இருக்கிறது?

என் டிரைவர்களுக்கு நான் சொல்லி வைத்திருப்பது, கை காட்டினால் எங்கே என்றாலும் நில்லுங்கள், கேபின் லைட்டைப் போடுங்கள், இறங்கிப் போய்க் காட்டுங்கள், வாய் கொடுக்காதீர்கள். உங்களுக்கும் அதையே சொல்வேன். அதற்கு மேலும் உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி அடிபட்டால், ஸ்டேஷனுக்கு ஓடுவதற்கு முன் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். அடிபட்டவர் வாயால் சொன்னது அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால், எழுதும் வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.