கோபன்ஹேகனிலிருந்து லூசியானா அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

ஆகஸ்டில் மூன்று நாள் கோபன்ஹேகனில் இருக்கப் போகிறீர்கள், கூட மாமியாரும் ஏழு வயதுப் பையனும் வருகிறார்கள், நவீன ஓவியம் வீட்டில் யாருக்கும் புரியாது, இந்த நிலைமையில் ஒரு நாளை லூசியானா என்ற நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் காலையில் போகாதீர்கள்.

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் பதினொரு மணிக்குக் கதவு திறக்கும்போதே போய் நிற்பார்கள். மூன்று மணி வாக்கில் கிளம்பி, அதே ரயில் பாதையின் கடைசியில் இருக்கும் ஹெல்சிங்கோர் ஊருக்குப் போய், ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகக் கதை நடக்கிற குரோன்போர்க் கோட்டையைப் பார்க்க ஓடுவார்கள். இதை அப்படியே திருப்பிப் போடுங்கள். கோட்டை மாலையிலேயே மூடிவிடும். லூசியானா செவ்வாய் முதல் வெள்ளி வரை இரவு 10 மணி வரை திறந்திருக்கும். சனி, ஞாயிறு என்றால் 6 மணிக்கே மூடிவிடுவார்கள், திங்கள் விடுமுறை. ஆகவே வார நாள் ஒன்றைப் பிடியுங்கள். காலையில் கோட்டை, பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு லூசியானா.

நேரம் மிச்சமாகிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த இடத்தில் பாதிக் காட்சி வெளிச்சம்தான். 1958-இல் இதைக் கட்டிய யோர்கன் போ, வில்ஹெல்ம் வோலர்ட் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்களும், பூங்காவுக்குள் தாழ்வான கட்டடங்களை அங்கங்கே வைத்து, கண்ணாடித் தாழ்வாரங்களால் இணைத்தார்கள். அந்தத் தாழ்வாரம் மரங்களுக்கு வழிவிட்டு வளைந்து வளைந்து போகும். நடக்கும்போது ஒரு பக்கம் ஓவியம், மறு பக்கம் புல்வெளி. கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பார்த்தால் வெயில் கண்ணில் குத்தும். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் போய்விடும், எதிரே ஸ்வீடன் கரை பளிச்சென்று தெரியும். ஆகஸ்டில் எட்டு, எட்டரை வரை வெளிச்சம் இருக்கும் என்பதால் அவசரமே இல்லை. (டிசம்பரில் யாராவது கேட்டால் நேர்மாறாகச் சொல்வேன். அப்போது மூன்றே முக்காலுக்குள் சூரியன் போய்விடும். பதினொரு மணிக்கே உள்ளே இருக்க வேண்டும்.)

போவது சுலபம். கோபன்ஹேகன் மத்திய நிலையத்தில் ஹெல்சிங்கோர் போகும் ரயிலில் ஏறினால், லூசியானா இருக்கும் ஹும்லபெக் ஸ்டேஷன் சுமார் 35 நிமிடம். ஹெல்சிங்கோர் அதற்கு மேல் ஒரு பத்து நிமிடம். டிக்கெட்டை ஏறுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள், பரிசோதகரிடம் சாக்கு எதுவும் எடுபடாது. பெரியவர் டிக்கெட் ஒன்றுக்கு 12 வயதுக்குக் கீழே இரண்டு பிள்ளைகள் இலவசமாகப் போகலாம். அருங்காட்சியகத்திலும் 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆக, பையனுக்குச் செலவே கிடையாது. சுற்றுலா வருகிறவர்களுக்கான கோபன்ஹேகன் கார்டு ('டிஸ்கவர்' வகை) வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு நாளிலேயே அதன் பலன் தெரிந்துவிடும்: ரயில், கோட்டை, லூசியானா மூன்றும் அதில் அடக்கம். தண்டவாள வேலை என்று சில நாள் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், எனவே முந்தின நாள் இரவு ரைசபிளானன் செயலியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனிலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடை. போய்ச் சேர்ந்ததும் "இதுவா?" என்று தோன்றும். வாசல், கொடி படர்ந்த ஒரு பழைய வெள்ளை வீடு. பெரிய கட்டடம் எதுவும் கண்ணில் படாது. 19-ஆம் நூற்றாண்டில் இந்த வீட்டைக் கட்டியவருக்கு வாழ்க்கையில் மூன்று மனைவிகள், மூவர் பெயரும் லூயிஸ். லூசியானா என்ற பெயர் அப்படி வந்தது, அமெரிக்க மாநிலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர் க்னூத் யென்சன், குடும்பத் தொழில் மொத்தச் சீஸ் வியாபாரம். உங்கள் "எங்களுக்குப் புரியாதே" என்ற கவலைக்கு அவரிடமே பதில் இருக்கிறது. அவர் அதை நீராவிக் குளியல் கொள்கை என்றார். வடக்கு நாடுகளில் சூடான அறையில் உட்கார்ந்து வேர்த்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறங்குவார்கள் அல்லவா, அதுபோல எல்லோருக்கும் பிடித்த பெயர்கள் சூடு, தலையைச் சொறிய வைக்கும் புதிய வேலைகள் குளிர். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். ஆக, ஏதோ ஓர் அறையில் உங்களுக்கு ஒன்றுமே ஓடவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை. அடுத்த அறைக்கு நடங்கள்.

எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். தற்காலிகக் கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கும், நீங்கள் வரும்போது என்ன இருக்கிறதோ அது உங்கள் அதிர்ஷ்டம். மூன்று இடங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

முதலாவது, சுவிஸ் சிற்பி ஜியாகொமெட்டியின் அறை. மேல் தளத்திலிருந்து எட்டிப் பார்த்தால் கீழே உயரமான ஒரு கூடம், ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, வெளியே குளமும் தண்ணீர்மேல் தொங்கும் கிளைகளும். அதன் முன்னால் 1960-இல் செய்த 'நடக்கும் மனிதன்'. ஆளுயரத்துக்கு மேல் இருப்பான், கை கால் குச்சிபோல. கிட்டே போய்ப் பாருங்கள்: வெண்கலத்தில் ஓர் இடம்கூட வழுவழுப்பாக இருக்காது, களிமண்ணை அப்பிக் கிள்ளிய விரல் தடம் அப்படியே நிற்கும். பாதம் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிது, தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரிலிருந்து வந்த என் அம்மா இந்த அறையில்தான் அதிக நேரம் நின்றார். "இவ்வளவு மெலிஞ்சும் நடையை நிறுத்தலையே" என்றார். எந்தக் கையேட்டிலும் இதைவிட நல்ல குறிப்பை நான் படித்ததில்லை.

இரண்டாவது, ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் கண்ணாடி அறை. நாலாபுறமும் கூரையும் கண்ணாடி, நிறம் மாறும் நூற்றுக்கணக்கான சிறிய விளக்குகள், நிற்க ஒரு சின்ன மேடை. ஒரு தடவைக்குச் சிலரைத்தான் விடுவார்கள் என்பதால் வரிசை நிற்கும். மாலை ஆறு மணிக்கு மேல் வரிசை குறைந்துவிடும், அப்போது போங்கள். மேடையைச் சுற்றித் தண்ணீர் இருக்கிறது. பையன் கையை விடாதீர்கள்.

மூன்றாவது, வெளியே உள்ள புல்வெளி. சிற்றுண்டிச் சாலை வாசலிலேயே அமெரிக்கச் சிற்பி கால்டரின் பெரிய உலோகச் சிற்பங்கள். ஒன்றின் மேல்பகுதி காற்றுக்குத் தானாகச் சுற்றும், பையனுக்கு அது போதும். ஓரசுண்ட் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஸ்வீடன். நடுவில் வேன் என்ற தீவு தெரியும், தொலைநோக்கி வருவதற்கு முன்பே டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராஹே வானத்தை அளந்தது அங்கேதான். சரிவில் இறங்கினால் ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர் செய்த, சாய்ந்து கிடக்கும் உருவம் இருக்கிறது. இன்னோர் அமெரிக்கச் சிற்பியான செர்ராவின் இரும்புத் தகடுகள் குளத்துப் பக்கப் பள்ளத்தில் இருக்கின்றன. அங்கே பாதை செங்குத்து, உங்கள் மாமியாரை இழுத்துப் போக வேண்டாம். அவர் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து கப்பல் பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு. 1994-இல் கட்டியது, மூன்று தளம். அப்போதைய கண்காட்சியை ஒட்டி வண்ணம், களிமண் என்று ஏதாவது செய்யக் கொடுப்பார்கள். பையனை அங்கே கடைசியில் கூட்டிப் போங்கள். முதலில் போனால் மற்ற எதையும் பார்க்க வெளியே வரமாட்டான்.

சாப்பாடு விஷயம். சிற்றுண்டிச் சாலையில் கடலைப் பார்த்த மேசைகள் அருமை, விலை டென்மார்க் விலை. நாங்கள் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்ப் புல்லில் உட்கார்ந்து சாப்பிடுவோம், காபி மட்டும் அங்கே வாங்குவோம். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஒரு மெல்லிய ஜாக்கெட் கட்டாயம், ஆகஸ்டு என்றாலும் கடல் காற்று ஏழு மணிக்கு மேல் உறைக்கும்.

இன்னொன்று: ஆகஸ்டு கடைசி வாரத்தை ஒட்டி அங்கே ஆண்டுதோறும் இலக்கிய விழா நடக்கும், நாலு நாள். எழுத்தாளர்கள் பேச்சைக் கேட்க ஆசை என்றால் அதற்கென்றே வரலாம். முதல் தடவை குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு அந்த நாள்கள் வேண்டாம், புல்வெளியில் கால் வைக்க இடம் இருக்காது.

தங்கும் இடம் எந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்லவில்லை. மத்திய நிலையத்துக்கே போக வேண்டும் என்பதில்லை. அதே ரயில் நோரபோர்ட்டிலும் ஓஸ்டபோர்ட்டிலும் நிற்கும். ஹோட்டலை எழுதினால் எங்கே ஏறுவது பக்கம் என்று சொல்கிறேன்.