கண்ட்ரோல் சிஸ்டம்ஸில் அரியர், மேசையில் கீச்சிடும் சர்க்யூட்

வணக்கம் அம்மா.

மகன் இ.இ.இ. மூன்றாம் ஆண்டு. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் ஒரு அரியர். ராத்திரி பதினொரு மணி வரை சால்டரிங் அயர்னும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான், கைச்செலவுக்குக் கொடுக்கும் பணமெல்லாம் கண்டென்சர் வாங்கவே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பி மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்துச் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அதனால் இவனையும் 60,000 ரூபாய் கட்டி ஒரு சாஃப்ட்வேர் கோர்ஸில் சேர்த்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

இப்போது வேண்டாம் என்பதுதான் என் பதில். அதற்காக அவன் போக்கில் விட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். அவன் தேறாத பாடமும், ராத்திரியில் அவன் மல்லுக்கட்டும் சர்க்யூட்டும் ஒரே விஷயம். அது அவனுக்கே இன்னும் பிடிபடவில்லை என்று தோன்றுகிறது. பிடிபட்டால் அரியரும் போகும், வேலைக்குப் போகும் வழியும் கொஞ்சம் தெளியும்.

கடிதத்தோடு அவன் எழுதிய நாலு வரியையும் சேர்த்து அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. 12 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர் செய்திருக்கிறான். வெளியீட்டில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் (நீங்கள் சொல்லும் கண்டென்சர்தான்) போட்டிருந்தவரை ஒழுங்காக ஓடியிருக்கிறது. செராமிக்தான் உசத்தி என்று எங்கோ படித்துவிட்டு, அதை எடுத்து 22 மைக்ரோஃபாரட் செராமிக் போட்டிருக்கிறான். உடனே கீச்சென்று சத்தம், வோல்டேஜும் ஆடுகிறது. அதிலிருந்து விதவிதமாக வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறானாம். உங்கள் பணம் போகும் வழி இதுதான்.

அடுத்த சில பத்திகளை அவனிடம் கொடுத்துவிடுங்கள் அம்மா. நீங்கள் தாண்டிப் போனாலும் பரவாயில்லை.

தம்பி, உன் சர்க்யூட் என்ன செய்கிறது? வெளியே வரும் 5 வோல்ட்டை இரண்டு ரெசிஸ்டர் வைத்துப் பிரித்து, ஐசிக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜோடு ஒப்பிடுகிறது. குறைந்தால் சுவிட்ச் இன்னும் கொஞ்ச நேரம் ஆனில் இருக்கும், கூடினால் சீக்கிரம் ஆஃப் ஆகும். 12-இலிருந்து 5 வர வேண்டுமென்றால் டியூட்டி சைக்கிள், அதாவது சுவிட்ச் ஆனில் இருக்கும் நேரத்தின் பங்கு, சுமார் 42 சதவீதத்தில் வந்து நிற்க வேண்டும். உன் பாடப்புத்தகத்தில் ஜி(எஸ்), எச்(எஸ்) என்று கட்டம் கட்டமாகப் போட்டு நீ வெறுத்துப்போன படம் இதேதான்.

கெடுப்பது தாமதம். மாடியில் ஒருவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து "போதும்" என்று குரல் கொடுக்க, கீழே ஒருவர் மோட்டாரை நிறுத்துகிறார். குரல் உடனே கேட்டால் பிரச்சினை இல்லை. நேரம் கழித்துக் கேட்டால் தொட்டி வழியும். மேலே இருப்பவர் சொன்னது சரியான தகவல்தான், ஆனால் வந்து சேர்ந்த நேரம் தப்பு. உன் போர்டில் இந்தத் தாமதத்தை உண்டாக்குவது காயிலும் கெப்பாசிட்டரும். இரண்டும் சேர்ந்த ஃபில்டர், தன் ரெசனன்ஸ் அதிர்வெண்ணைத் தாண்டியதும் ஃபேஸை, அதாவது அலை வந்து சேரும் நிலையை, கிட்டத்தட்ட 180 டிகிரி பின்னுக்குத் தள்ளிவிடும். நெகட்டிவ் ஃபீட்பேக் என்பதே ஏற்கெனவே ஒரு 180. இரண்டும் கூடி 360 ஆகும் இடத்தில் லூப் கெயின் (லூப்பை ஒரு சுற்று சுற்றி வரும் சிக்னல் எத்தனை மடங்காகிறது என்பது) 1 ஆக இருந்தால் நீ செய்திருப்பது ரெகுலேட்டர் இல்லை, ஆசிலேட்டர்.

சரி, உன் எண்களையே போட்டுப் பார்ப்போம். காயில் 22 மைக்ரோஹென்றி என்று எழுதியிருக்கிறாய். அதோடு 100 மைக்ரோஃபாரட் சேர்ந்தால் ரெசனன்ஸ் 3.4 கிலோஹெர்ட்ஸ். உன் ஐசி 300 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் செய்தால், லூப்பின் கிராஸ்ஓவரை, அதாவது லூப் கெயின் 1-க்கு இறங்கும் அதிர்வெண்ணை, வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை வைப்பார்கள். 30 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்துக்கு வருவதற்குள் ஃபில்டர் ஃபேஸை எல்லாம் தின்று முடித்திருக்கும். ஆனாலும் உன் பழைய சர்க்யூட் ஆடவில்லையே, ஏன்?

எலக்ட்ரோலிட்டிக்குக்குள் ஒளிந்திருக்கும் ரெசிஸ்டன்ஸ்தான் காரணம். இ.எஸ்.ஆர். என்று டேட்டாஷீட்டில் இருக்கும். அது 0.1 ஓம் என்றால், 100 மைக்ரோஃபாரடோடு சேர்ந்து சுமார் 16 கிலோஹெர்ட்ஸில் ஒரு ஜீரோவைக் கொடுக்கும், அதாவது ஃபில்டர் தின்ற ஃபேஸைத் திருப்பித் தரும் ஒரு புள்ளி. 30 கிலோஹெர்ட்ஸில் அந்த ஜீரோ திருப்பித் தரும் ஃபேஸ் சுமார் 62 டிகிரி. டேன் இன்வர்ஸ் போட்டு நீயே சரிபார். 45 முதல் 60 டிகிரி ஃபேஸ் மார்ஜின் (ஆசிலேட்டர் ஆவதற்கு முன் கையில் மிச்சம் இருக்கும் ஃபேஸ்) இருந்தால் போதும் என்று டிசைன் செய்கிறவர்கள் நினைக்கும் உலகத்தில் 62 டிகிரி என்பது பெரிய தானம். இப்போது செராமிக்கைப் பார். 22 மைக்ரோஃபாரட், இ.எஸ்.ஆர். ஏதோ 3 மில்லிஓம். ஜீரோ 2.4 மெகாஹெர்ட்ஸுக்கு ஓடிப்போய்விட்டது. 30 கிலோஹெர்ட்ஸில் அது தருவது ஒரு டிகிரிகூட இல்லை. நீ குறை என்று நினைத்துக் கழற்றிப் போட்ட ரெசிஸ்டன்ஸ்தான் அதுவரை லூப்பைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அதோடு நிற்கவில்லை. 22 என்று போட்டு விற்ற செராமிக், 5 வோல்ட் ஏறியதும் 22-ஆக இருக்காது. 6.3 வோல்ட் ரேட்டிங் உள்ள சின்ன சைஸ் எக்ஸ்5ஆர் வகை செராமிக் என்றால் பாதி வரைகூட இறங்கிவிடும். 11 ஆகிவிட்டால் ரெசனன்ஸ் 10 கிலோஹெர்ட்ஸுக்குப் போகிறது. கம்பெனி தரும் டி.சி. பயஸ் வளைவை (வோல்டேஜ் ஏற ஏற மைக்ரோஃபாரட் எவ்வளவு இறங்கும் என்ற படம்) பார்க்காமல் செராமிக் வாங்காதே. கீச்சு சத்தத்துக்கும் விளக்கம் இருக்கிறது. இந்த வகை செராமிக்குக்குப் பைஸோ குணம் உண்டு, வோல்டேஜ் ஆடினால் அதுவும் நெளியும். ஆட்டம் காதுக்கு எட்டும் அதிர்வெண்ணில் இருந்தால் போர்டே சத்தம் போடும்.

இதற்கு மருந்து இன்னொரு கெப்பாசிட்டர் வாங்குவதில் இல்லை. காம்பென்சேஷனை, அதாவது லூப்பின் கெயினையும் ஃபேஸையும் திருத்தும் பகுதியை, மாற்ற வேண்டும். வோல்டேஜ் மோடு கன்ட்ரோலில், எலக்ட்ரோலிட்டிக்கோடு டைப் 2 காம்பென்சேட்டர் போதுமாக இருந்த இடத்தில், செராமிக்குக்கு ஃபேஸை இன்னும் அதிகம் திருப்பித் தரும் டைப் 3 வேண்டியிருக்கும். காம்பென்சேஷன் ஐசிக்குள்ளேயே பூட்டியிருந்தால், எந்தக் கெப்பாசிட்டர் போடலாம் என்று டேட்டாஷீட் சொல்வதைக் கேட்டு நட. சாதாரண எல்.எம். 1117 ரெகுலேட்டரின் டேட்டாஷீட், வெளியீட்டுக் கெப்பாசிட்டரின் இ.எஸ்.ஆர். 0.3 ஓமுக்குக் கீழே போகக் கூடாது என்றே சொல்கிறது. அந்த வரியைப் படிக்காமல் அதில் செராமிக் போட்டுவிட்டு ஐசி போலி என்று கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள் உண்டு.

நீ தேறாத பாடத்தில் நைக்விஸ்ட், போடே என்று இரண்டு பெயர் வரும். இருவருமே பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள். அங்கே 1927-இல் ஹரால்ட் பிளாக் என்ற பொறியாளர் தொலைபேசி ஆம்ப்ளிஃபயருக்கு நெகட்டிவ் ஃபீட்பேக் கொடுக்கும் யோசனையைக் கண்டுபிடித்தார். அப்படிச் செய்த ஆம்ப்ளிஃபயர்கள் சில சமயம் தாமாகவே ஊளையிட்டன, அதாவது உன் போர்டு செய்கிற அதே வேலை. எப்போது ஊளையிடும், எப்போது இடாது என்பதற்கு நைக்விஸ்ட் 1932-இல் விடை எழுதினார். பத்து மார்க் கேள்வியாக உன்னிடம் வந்து சேர்ந்திருப்பது அந்த விடைதான்.

ஆகவே இப்படிச் செய். இரண்டு மாதத்துக்கு புதுசாக எதுவும் வாங்காதே. எல்.டி. ஸ்பைஸ் என்ற சிமுலேஷன் சாஃப்ட்வேர் இலவசம், அதில் உன் சர்க்யூட்டை வரைந்து இரண்டு கெப்பாசிட்டருக்கும் போடே பிளாட் (அதிர்வெண் மாற மாற கெயினும் ஃபேஸும் எப்படி மாறும் என்ற படம்) எடு. ஃபேஸ் மார்ஜின் எவ்வளவு வரும் என்று முதலில் கையால் கணக்குப் போட்டு எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் சிமுலேஷனைப் பார். பிறகு காலேஜ் லேபில் உள்ள ஆசிலாஸ்கோப்பில் லோடைத் திடீரென்று ஏற்றி இறக்கி, வோல்டேஜ் எத்தனை முறை ஆடி அடங்குகிறது என்று பதிவு செய். ஓரிரு ஆட்டத்தில் அடங்கினால் நல்லது. அடங்காமல் நீண்டுகொண்டே போனால் மார்ஜின் இல்லை. காம்பென்சேஷனை மாற்றிய பிறகு அதையே மறுபடி எடு. கணக்கு, சிமுலேஷன், அளவு மூன்றும் எங்கே ஒத்துப்போகவில்லை, ஏன் என்று இரண்டு பக்கம் எழுது. ஒத்துப்போகாத இடத்தை மறைக்காதே, நேர்காணலில் பேச உனக்குக் கிடைக்கும் சரக்கே அதுதான். "வெளியீட்டுக் கெப்பாசிட்டரை மாற்றினால் லூப் என்ன ஆகும்?" என்பது பவர் சப்ளை வேலைக்கான நேர்காணலில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. கெப்பாசிட்டர் என்றால் சார்ஜைச் சேமிக்கும் பொருள் என்று மட்டும் சொல்பவனுக்கும், கீச்சு சத்தம் கேட்டு அதைச் சரி செய்தவனுக்கும் வித்தியாசம் ஐந்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி உங்களுக்கு, அம்மா.

முதலில் ஒரு எச்சரிக்கை, இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். 12 வோல்ட்டில் அவன் என்ன வேண்டுமானாலும் செய்யட்டும். பிளக்கில் நேராகச் செருகும் சர்க்யூட்டை வீட்டில் தனியாகத் திறக்கக் கூடாது. 230 வோல்ட்டை டி.சி. ஆக்கினால் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் ஏறி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அங்கேயே இருக்கும். அது காலேஜ் லேபில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை.

இதைப் படித்தால் வேலை எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் போய்ப் பாருங்கள். டி.வி.எஸ்., ஏத்தர், ஓலா மூன்றும் மின்சார ஸ்கூட்டர் தயாரிப்பது அந்த வட்டாரத்தில்தான். பவர் சப்ளை செய்யும் டெல்டா நிறுவனத்துக்குக் கிருஷ்ணகிரியில் தொழிற்சாலை இருக்கிறது. ஒரு மின்சார ஸ்கூட்டருக்குள் சார்ஜர், மோட்டார் கன்ட்ரோலர், பேட்டரி வோல்டேஜை விளக்குக்கும் ஹாரனுக்கும் இறக்கித் தரும் கன்வெர்ட்டர் என்று எல்லாமே ஃபீட்பேக் லூப்தான். பெங்களூரில் 1985 முதல் இருக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் போன்ற இடங்களில் இந்த ஐசிகளையே வடிவமைக்கிறார்கள். ஆனால் அங்கே நுழைய நல்ல எம்.டெக். பெரும்பாலும் வேண்டியிருக்கும். சோலார் இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., எல்.இ.டி. டிரைவர் செய்யும் சின்னக் கம்பெனிகள் நம் மாநிலத்தில் நிறையவே இருக்கின்றன.

வீட்டில் எல்.இ.டி. பல்பு அட்டையில் போட்டிருக்கும் ஆயுளுக்கு முன்பே போய்விடுகிறதே, அதில் பல சமயம் எல்.இ.டி. நன்றாகத்தான் இருக்கும், உள்ளே சூட்டில் காய்ந்துபோன எலக்ட்ரோலிட்டிக்தான் காரணமாக இருக்கும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று ரேட்டிங் போட்ட கெப்பாசிட்டர், சூடு பத்து டிகிரி குறையக் குறைய ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும். 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி வரை வரும். எங்கே வைக்கிறோம், எதைப் போடுகிறோம் என்று பார்த்துச் சொல்வதற்கே கம்பெனிகளில் தனி ஆட்கள் இருக்கிறார்கள். டிசைன், டெஸ்டிங், வேலிடேஷன், இ.எம்.ஐ. (மின்காந்த இடையூறு) சோதனை என்று அதில் பல கிளைகள் உண்டு.

நல்லதை மட்டும் சொல்லி உங்களை அனுப்ப விரும்பவில்லை. சாஃப்ட்வேர் கம்பெனிகள் போல இவர்கள் காலேஜுக்கு வந்து நூறு பேரை அள்ளிக்கொண்டு போக மாட்டார்கள். ஒரு கம்பெனிக்கு இரண்டு பேர், மூன்று பேர் தேவைப்படும். பையனே தேடிப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். முதல் வேலை ஏதாவது சின்ன இடத்தில் டெஸ்டிங் பெஞ்சில் கிடைக்கலாம், சம்பளம் உங்கள் தம்பி மகனோடு ஒப்பிடும்படி இருக்காது. மூன்று நான்கு வருடம் கையில் வேலை ஏறிய பிறகுதான் நிலைமை மாறும். இந்தக் காத்திருப்புக்கு வீட்டில் வசதி இல்லை, உடனே சம்பளம் வந்தாக வேண்டும் என்றால் மறைக்காமல் எழுதுங்கள். அப்போது என் பதிலும் மாறும்.

இன்னொன்று, கோடிங்கே வேண்டாம் என்று நான் சொன்னதாக அவன் எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது பெரிய கன்வெர்ட்டர்களில் லூப்பை மைக்ரோகன்ட்ரோலரே பார்த்துக்கொள்கிறது. எம்பெடட் சி தெரியாத பவர் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியருக்குக் கதவு பாதிதான் திறக்கும். இப்போது செய்யும் அதே சர்க்யூட்டை அடுத்த விடுமுறையில் மைக்ரோகன்ட்ரோலர் வைத்து ஓட்டிக் காட்டட்டும். வெப்சைட் செய்யச் சொல்லித்தரும் கோர்ஸ் இதற்கு உதவாது.

மேல்படிப்பு என்றால் எம்.டெக்., எம்.இ. சேர்க்கைக்கான கேட் தேர்வுக்கு நாலாம் வருடத் தொடக்கத்திலேயே தயாராக வேண்டும். எலக்ட்ரிக்கல் தாளில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ் இரண்டுமே தனிப் பகுதிகள், ஆகவே அரியருக்குப் படிப்பது இரட்டை வேலை ஆகாது. பவர் எலக்ட்ரானிக்ஸ் அண்ட் டிரைவ்ஸ் எம்.இ. நம் மாநிலத்தில் பல கல்லூரிகளில் இருக்கிறது. பாடம் புரியவில்லை என்றால் என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி., ஐ.ஐ.எஸ்சி. ஆசிரியர்களின் வகுப்புகள் காசில்லாமல் கிடைக்கின்றன. ட்யூஷன் தேட வேண்டாம்.

அந்த 60,000 ரூபாயைத் தொடாமல் வையுங்கள். அதில் பாதிக்குள் ஒரு நல்ல இரண்டு சேனல் ஆசிலாஸ்கோப் வந்துவிடும் என்று அவன் கேட்கக்கூடும். உடனே வாங்கிக் கொடுக்காதீர்கள். துறைத் தலைவரிடம் போய், சாயங்காலம் இரண்டு மணி நேரம் லேபைப் பயன்படுத்த அனுமதி கேட்கட்டும், பெரும்பாலும் கிடைக்கும். அந்த இரண்டு பக்கத்தை எழுதி முடித்துவிட்டுக் கேட்டால் அப்போது யோசிக்கலாம்.

அரியர் தேர்வுக்குக் கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று இந்த வாரமே ஆபீஸில் கேட்டு வரச் சொல்லுங்கள். நிலுவையில் அரியர் இருந்தால் பல கம்பெனிகள் விண்ணப்பத்தையே எடுப்பதில்லை. தேதியைத் தவறவிட்டு ஒரு செமஸ்டரைத் தள்ளிப்போட்டுக்கொண்ட பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன்.