ஆப்பிரிக்காவுல நிலம் யார் கையில? கேட்டதும் சொன்னதும்

கேள்வி: சார், ஆப்பிரிக்காவுல யாருக்குமே பட்டா கிடையாதாமே?

பதில்: 54 நாடு இருக்குங்க, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்ட முடியாது. ருவாண்டாவ எடுத்துக்கோங்க, 2009-ல இருந்து 2013-க்குள்ள நாடு பூரா ஒரு கோடி துண்டு நிலத்துக்கு மேல பதிவு பண்ணிட்டாங்க. மேல இருந்து எடுத்த போட்டோவ பெருசா பிரிண்ட் போட்டு வயலுக்கே கொண்டு போய், பக்கத்து நிலத்துக்காரங்கள கூட நிக்க வச்சு, அந்த ஊர் ஆளுங்களுக்கே ட்ரெய்னிங் குடுத்து அதுலயே எல்லைய வரைய வச்சாங்க, துண்டுக்கு ஆறேழு டாலர்தான் செலவு. சிக்கல் அதுக்கப்புறம்தான் வந்துச்சு. வித்தா பேர் மாத்த அந்த நாட்டுக் காசுல 30,000 ஃப்ராங்க், துண்டு எவ்ளோ சின்னதா இருந்தாலும் அதே கட்டணம், அதனால ஏழைங்க வெறும் கைச்சீட்டு எழுதிக்கிட்டு போயிட்டாங்க. ரெஜிஸ்டர்ல ஒரு பேரு, நிலத்துல வேற ஆளு. கட்டணத்த பின்னாடி குறைச்சாங்க, மொதல்லயே யோசிச்சிருக்கணும்னு நான் சொல்வேன்.

கேள்வி: அதுல பொம்பளைங்க பேரும் வந்துச்சா அண்ணா?

பதில்: வந்துச்சும்மா. மகளுக்கும் சம பங்குன்னு 1999-லயே அங்க சட்டம் வந்தாச்சு, பதிவுலயும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஏறுனாங்க. ஆனா கல்யாணத்த சட்டப்படி பதிவு பண்ணாம சேர்ந்து வாழ்ந்தவங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்ல, அப்படிப்பட்டவங்க அங்க நிறைய.

கேள்வி: பெங்களூர் கம்பெனி ஒண்ணு எத்தியோப்பியாவுல நிலம் எடுத்துச்சே, என்ன ஆச்சு?

பதில்: ரோஜாப்பூ ஏற்றுமதி பண்ண கருதூரி. எத்தியோப்பியாவோட காம்பெல்லா பகுதில 1,00,000 ஹெக்டேர், 50 வருஷ குத்தகை, ஹெக்டேருக்கு வருஷத்துக்கு 20 பிர் (அந்த நாட்டுக் காசு), அன்னைக்கு டாலர் ஒண்ணுக்கு கொஞ்சம் மேல. அங்க நிலம் அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் பொதுன்னு 1995 அரசியல் சட்டம் சொல்லுது, ஆனா கையெழுத்து போட்டது அரசாங்கம் மட்டும்தான். அந்தப் பகுதில இருக்குற அனுவாக் ஜனங்க மாத்தி மாத்தி பயிர் வைக்கிற காடு, ஆபீஸ் மேப்புல காலி இடமாயிடுச்சு. கடைசில சரியா விவசாயம் பண்ணலைன்னு அரசாங்கமே 2015-ல ரத்து பண்ணிடுச்சு.

கேள்வி: அப்போ பேப்பர் இல்லாதவங்க கதி?

பதில்: மொசாம்பிக்ல 1997 சட்டப்படி, நல்லெண்ணத்தோட, அதாவது யாரையும் ஏமாத்தாம, 10 வருஷம் ஒரு நிலத்துல இருந்தாலே பயன்படுத்துற உரிமை உண்டு, பேப்பரே வேணாம், அக்கம்பக்கத்து சாட்சி போதும். எனக்கு ரொம்பப் பிடிச்ச சட்டம் அது. கம்பெனி நிலம் கேட்டா ஊர்க்காரங்கள கலந்து பேசணும்னும் இருக்கு, நடைமுறைல பல இடத்துல ஒரு மீட்டிங், தலைவர் கையெழுத்து, முடிஞ்சுது கத.

கேள்வி: தனித்தனியா பட்டா குடுத்துட்டா பிரச்சன தீந்துடும்ல?

பதில்: மாடு மேய்க்கிறவங்ககிட்ட இத கேட்டுப் பாருங்க. கென்யாவுல கஜியாடோ பக்கம் மாசாய் மக்களோட கூட்டு நிலத்த ஆளுக்கு ஒரு துண்டா பிரிச்சாங்க, அப்புறம் பலரு வித்தாங்க, வாங்குனவன் வேலி போட்டான், மழை பெஞ்ச பக்கம் மாட்ட ஓட்டிட்டு போற வழியே அடைஞ்சு போச்சு. இப்போ 2016 சமூக நிலச் சட்டத்துல ஊரே சேர்ந்து ஒரே பேர்ல பதியலாம், விக்கவோ மாத்தவோ மூணுல ரெண்டு பங்கு பேர் ஒத்துக்கணும். ஆனா பதிவு ஆமை வேகம்தான்.

கேள்வி: நான் நைரோபில வேல பாக்குறேன், இடம் வாங்கலாமா?

பதில்: கென்யாவுல வெளிநாட்டுக்காரங்களுக்கு அதிகபட்சம் 99 வருஷ குத்தகைதான் தம்பி, 2010 அரசியல் சட்டத்துலயே இருக்கு. முழு உரிமை வாங்கித் தரேன்னு எவனாவது சொன்னா அட்வான்ஸ் குடுக்காதீங்க.