ஸ்காபரோவில் பழைய வீடு, புதிதாக மின்சாரக் கார்: எந்த மீற்றர் பேஸ் வாங்குவது?

உங்கள் வீடு 1960களில் கட்டியது, 100 அம்பியர் இணைப்பு, பேஸ்மென்டில் ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிறது, மின்சாரக் காரும் வாங்கிவிட்டீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கடையில் எந்த மீற்றர் பேஸை, அதாவது மீற்றரைப் பொருத்தும் பெட்டியை, எடுப்பது என்பது கேள்வி. ரொறன்ரோவில் பல வருடமாக இந்த வேலை செய்கிறேன். இப்போதைக்கு ஒன்றையும் வாங்காதீர்கள்.

போன வருடம் ஒரு வீட்டுக்காரர் பஃபலோ போன இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று 200 அம்பியர் பேஸ் ஒன்றை வாங்கி வந்து வைத்திருந்தார். நல்ல கனமான பெட்டிதான். ஆனால் யூஎல் என்ற பாதுகாப்புச் சோதனை முத்திரைக்கு இடப்பக்கம் இருக்கவேண்டிய சின்ன ‘சி’ எழுத்து அதில் இல்லை. அந்த ‘சி’யோ, சிஎஸ்ஏ போன்ற கனடா முத்திரையோ இல்லாத பெட்டியை ஒன்ராறியோவில் இன்ஸ்பெக்டர் ஏற்க மாட்டார். முத்திரை இருந்தாலும் போதாது. உங்கள் பகுதிக்குக் கரண்ட் தரும் நிறுவனம் எந்த மாதிரிப் பேஸை ஏற்கும், மீற்றர் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் வரவேண்டும் என்று தன் விதிகளில் சொல்லியிருக்கும். மீற்றர் அவர்களுடையது, பேஸ் உங்களுடையது. ஆகவே அந்த விதிகளைக் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

அடுத்து, வீட்டுக்கு வரும் கரண்ட் எந்த வகை என்று தெரியவேண்டும். உங்களுடையதைப் போன்ற தனி வீட்டுக்கு 120/240 வோல்ற், மூன்று வயர் வரும். அதற்கு நாலு ஜோ உள்ள பேஸ் போதும். ஜோ என்பது மீற்றரின் பின்பக்கத் தகடுகளைப் பிடிக்கும் கவ்வி. மேலே இரண்டில் நிறுவனத்தின் வயர், கீழே இரண்டில் வீட்டு வயர். மூன்றாவது வயரான நியூட்ரல் மீற்றருக்குள் போகாது, நடுவில் தனியாக முடுக்கப்படும்.

பெரிய அடுக்குமாடிகளில் ஒரு வீட்டுக்குப் பெரும்பாலும் 120/208 வோல்ற்தான் வரும். கட்டடத்துக்கு வரும் மூன்று ஃபேஸ் (phase) கரண்டில் இரண்டை மட்டும் எடுப்பதால் அந்த இரண்டுக்கும் இடையில் 120 பாகை வித்தியாசம். நியூட்ரலையும் பார்த்தால்தான் மீற்றர் சரியாக அளக்கும். அதனால்தான் அங்கே ஐந்தாவது ஜோ. இரண்டு பெட்டியும் வெளியில் ஒன்றுபோலவே இருக்கும், பிழைவிடுவது சுலபம். மூன்று ஃபேஸும் எடுக்கும் கடைகளுக்கு ஏழு ஜோ. அது உங்களுக்குத் தேவையில்லை.

இனி அம்பியர். 48 அம்பியர் இழுக்கும் கார் சார்ஜருக்கு 60 அம்பியர் பிரேக்கர் வேண்டும். கார் இரவில் மணிக்கணக்காக இழுக்கும், மின்சார விதித்தொகுப்பான கோட் அதை முழுச் சுமையாகவே கணக்கெடுக்கும். 100 அம்பியரில் பாதி காருக்கே போனால், மேலே ஒரு அடுப்பு, கீழே ஒரு அடுப்பு, ஏசி, ட்ரையர் எல்லாம் மிச்சத்துக்குள் அடங்குமா? உங்கள் வீட்டில் அடங்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் உரிமம் உள்ள ஒருவரைக் கொண்டு சுமைக் கணக்கை எழுத்தில் போடுவியுங்கள். சிலருக்குச் சின்ன சார்ஜரோ, வீட்டுச் சுமை கூடும்போது கார் சார்ஜாவதை நிறுத்திவைக்கும் கருவியோ போதுமாகிவிடும், பேஸை மாற்றவே தேவையில்லை.

மாற்றுவது என்று வந்தால் 200 அம்பியர் போடுங்கள். 125 போட்டு மிச்சம் பிடிப்பதை நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. பெர்மிட், கரண்ட் வெட்டுவது, ஆள்கூலி எல்லாம் ஏறக்குறைய அதேதான். பிறகு ஹீட் பம்ப் வைக்க நினைத்தால் எல்லாவற்றையும் திரும்பச் செய்யவேண்டிவரும். வாடகைக்காரருக்குத் தனி மீற்றர் கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே நிறுவனத்திடம் கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் இரண்டு மீற்றர் பொருத்தும் இரட்டைப் பேஸ் தேவைப்படும்.

கரண்ட் மேலே கம்பத்திலிருந்து வருகிறதா, நிலத்துக்கு அடியாலா என்பதும் பெட்டியை மாற்றும். அடியால் வருகிற வயரை வளைத்து முடுக்க உள்ளே கூடுதல் இடம் வேண்டும். மேலால் வந்தால் குழாய் நுழையும் வாயில் தண்ணீர் இறங்காமல் இருக்கவேண்டும். நான் கழற்றிய பழைய பேஸ்களில் பல அந்த வழியால் தண்ணீர் போய்த் துருப்பிடித்தவை. அலுமினிய வயர் என்றால் ஆக்சைட் தடுக்கும் பசை பூசி, சொல்லப்பட்ட அளவுக்கு முடுக்கவேண்டும்.

தயவுசெய்து நீங்களே மீற்றரின் சீலை உடைத்துக் கழற்றிப் பார்க்காதீர்கள். வீட்டு மெயின் பிரேக்கரை நிறுத்தினாலும் மேல் இரண்டு ஜோவிலும் கரண்ட் இருந்துகொண்டேயிருக்கும். அதை வெட்ட உங்கள் வீட்டில் பிரேக்கர் கிடையாது. ஒன்ராறியோவின் மின்பாதுகாப்பு அமைப்பான ஈஎஸ்ஏயிடம் பெர்மிட் எடுத்து, நிறுவனம் வந்து வெட்டிய பிறகுதான் பெட்டியைத் திறக்கவேண்டும்.

பழைய பேஸ் சூடாக இருக்கிறதா, இரைகிறதா, சில லைட் மங்கும்போது வேறு சில லைட் வழக்கத்தைவிடப் பிரகாசமாகிறதா? கடைசியில் சொன்னது நியூட்ரல் கழன்றுவருவதன் அறிகுறி. அப்படி இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பிறகு, இன்றைக்கே கரண்ட் நிறுவனத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள்.