ஒரே வகுப்பு, இரண்டு முறை: எந்த டி-சோதனை?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை நான். ஐந்தாம் ஆண்டு மாணவர் 25 பேருக்கு அறிவியல் மீதான மனப்பான்மை பற்றிப் பத்துக் கேள்விகள் கொடுத்தேன்; ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். செம்பனைத் தோட்டத்துக்கே கூட்டிப்போய்ச் சில வாரம் பாடம் நடத்திவிட்டு, அதே கேள்விகளை மறுபடியும் கொடுத்தேன். இரண்டு முறையும் தாளில் பதிவேட்டு எண் எழுத வைத்தேன். சராசரி 30இலிருந்து 33 ஆனது. ஆனால் எக்செலில் டி-சோதனை (இரண்டு சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் கணக்கு) போட்டால் பி மதிப்பு 0.24 வருகிறது; 0.05க்குக் கீழே இருந்தால்தான் வித்தியாசம் வெறும் தற்செயல் அல்ல என்பார்கள். மாற்றமே இல்லையா?

பதில்: மாற்றம் இருக்கிறது. நீங்கள் போட்டது இரண்டு வெவ்வேறு குழுக்களை ஒப்பிடும் தனிக்குழுச் சோதனை. அதே பிள்ளைகளை இரண்டு முறை அளந்ததால் உங்களுக்கு வேண்டியது இணைச் சோதனை.

அறிவியல் என்றாலே துள்ளும் பிள்ளை முன்பு 44, பின்பு 46. பிடிக்காத பிள்ளை 17, அப்புறம் 21. இருவருமே ஏறியிருக்கிறார்கள். தனிக்குழுச் சோதனையிலோ 44க்கும் 17க்கும் உள்ள பெரிய இடைவெளியில் இந்தச் சின்ன ஏற்றம் அமுங்கிப்போகிறது. இணைச் சோதனை ஒவ்வொரு பிள்ளையின் பின் மதிப்பெண்ணிலிருந்து முன் மதிப்பெண்ணைக் கழித்து, அந்த 25 வித்தியாசங்களை மட்டுமே பார்க்கும்.

நீங்கள் அனுப்பிய எண்களில் வித்தியாசங்களின் சராசரி 3, திட்டவிலக்கம் (அவை எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) 6. 25இன் வர்க்கமூலம் 5. 6ஐ அதால் வகுத்தால் 1.2. 3ஐ 1.2ஆல் வகுத்தால் டி மதிப்பு 2.5. 25 பேருக்கு 5 விழுக்காட்டு அளவில் தாண்ட வேண்டிய எல்லை 2.064. தாண்டிவிட்டது; பி மதிப்பு சுமார் 0.02. எக்செலின் டி.டெஸ்ட் கட்டளையில் கடைசி எண்ணை 1 என்று மாற்றுங்கள், போதும்.

தாளில் பதிவேட்டு எண் எழுத வைத்தீர்களே, மிக நல்ல காரியம். அது இல்லையென்றால் எந்தத் தாள் யாருடையது என்று தெரியாமல் இணைக்கவே முடியாது. "அறிவியல் பாடம் சலிப்பாக இருக்கிறது" போன்ற எதிர்மறைக் கேள்விகளின் மதிப்பெண்ணை 6இலிருந்து கழித்துத் திருப்பினீர்களா? இல்லையென்றால் மேலே உள்ள எண்கள் எல்லாமே மாறும். ஒன்றிரண்டு பிள்ளைகள் மட்டும் எக்கச்சக்கமாகத் தாவியிருந்தால் வித்தியாசங்களின் அளவை விட்டு அவற்றின் தரவரிசையைப் பார்க்கும் வில்காக்சன் சோதனையையும் போட்டுப் பாருங்கள்.

செயலாய்வு அறிக்கையில் "தோட்டப் பாடத்தால் மனப்பான்மை உயர்ந்தது" என்று எழுத வேண்டாம்; "பாடத்துக்குப் பின் உயர்ந்திருந்தது" என்பதே சரி. ஆசிரியை சந்தோஷப்படட்டும் என்றுகூடப் பிள்ளைகள் கூடுதலாக வட்டமிட்டிருக்கலாம். தோட்டத்துக்குப் போகாத இன்னொரு வகுப்புக்கும் இதே கேள்விகளை இரண்டு முறை கொடுக்க முடிந்தால் கொடுங்கள். இரு வகுப்புகளின் வித்தியாசங்களையும் ஒப்பிட அப்போது தனிக்குழுச் சோதனைதான் பொருந்தும்.