ஏழு காய் அடங்காத ஹார்ட் டிஸ்க்

கே: மகன் மாவட்ட அளவில் செஸ் ஆடுகிறான். '7 காய் டேபிள்பேஸ் முழுவதும்' என்ற விளம்பரத்தை நம்பி, 2 டிபி ஹார்ட் டிஸ்க்கை ₹9,500 கொடுத்து வாங்கினேன். 6 காய் வரைதான் இருக்கிறது என்கிறார் கோச். விற்றவரோ 'சுருக்கி வைத்திருக்கிறோம்' என்கிறார்.
- வாசகி, மதுரை

ப: அம்மா, உங்களை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். பலகையில் ராஜாக்களையும் சேர்த்து 7 காய் மிஞ்சும்போது வெற்றியா, டிராவா என்று சொல்லும் தரவுத் தொகுப்புதான் டேபிள்பேஸ். அதில் சிஸிஜி என்ற வகை, சுருக்கிய பிறகே 16 டிபிக்கு மேல். அதை 2 டிபியில் அடைக்க யாராலும் முடியாது. 6 காய் வரை சுமார் 150 ஜிபி. அது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், அவர் அனுப்பிய பதில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ₹5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். விடாதீர்கள்.

கே: 5 காய் டேபிள்பேஸ் டிவிடி ஆர்டர் செய்தேன். என் லேப்டாப்பில் டிவிடி டிரைவ் இல்லை. திருப்பித் தர முடியுமா?
- வாசகர், திருச்சி

ப: 'டிவிடி' என்று போட்டுத்தானே விற்றிருக்கிறார்கள். படித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள்.

கே: காசு கொடுத்து வாங்கிய ஆப், இரண்டு பிஷப்புக்கு எதிராக ஒரு குதிரை இருந்த நிலையை எனக்கு 'வெற்றி' என்றது. போட்டியில் அதே நிலை வந்தது. நடுவர் டிரா கொடுத்துவிட்டார். ஆப் மீது புகார் செய்யலாமா?
- வாசகர், கோவை

ப: புகாருக்கு இடமில்லை. அந்த நிலை பெரும்பாலும் வெற்றிதான் என்பதை 1983-ல் பெல் லேப்ஸின் கென் தாம்ப்சன் கம்ப்யூட்டர் வைத்துக் கண்டுபிடித்தார். ஆனால் குதிரையைப் பிடிக்கச் சில நிலைகளில் 66 நகர்வு வரை ஆகும். காய் வெட்டாமல், சிப்பாய் நகராமல் 50 நகர்வு போனால் எதிராளி டிரா கேட்கலாம். நலிமோவ் என்ற பழைய வகை டேபிள்பேஸ் இந்த விதியைக் கணக்கில் எடுப்பதில்லை, சிஸிஜி எடுக்கும். ஆப்பில் இருப்பது எது என்று வாங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும்.

கே: 100 யூரோ விலையில் செஸ் எஞ்சின் விற்கிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், சென்னை

ப: வாங்காதீர்கள். எனக்கு ஆத்திரம் வரும் விஷயம் இது. எஞ்சின் என்பது நகர்வுகளைக் கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருள். உலகின் மிக வலுவான எஞ்சின்களில் ஒன்றான ஸ்டாக்ஃபிஷ் இலவசம். பல நாட்டு ஆட்கள் சம்பளம் வாங்காமல் வளர்த்தது. அதை மாற்றி விற்கவும் உரிமம் அனுமதிக்கிறது. ஆனால் மூலம் எது என்று சொல்ல வேண்டும், நிரலையும் தர வேண்டும். 2021-ல் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம், ஸ்டாக்ஃபிஷை மாற்றிச் செய்த ஃபேட் ஃபிரிட்ஸ் 2 எஞ்சினை ஏறக்குறைய 100 யூரோவுக்கு விற்றது. உரிமத்தை மீறிவிட்டார்கள் என்று ஸ்டாக்ஃபிஷ் குழு வழக்குப் போட்டது. 2022 நவம்பரில் சமரசம். அந்த விற்பனை நின்றது. டேபிள்பேஸிலும் இதே கதைதான். பல வருடம் முன் 5 காய் நலிமோவ் தொகுப்பை டிவிடி கட்டாக ஒருவரிடம் வாங்கினேன். மொத்தம் 7 ஜிபி. ஒரு டிவிடி திறக்கவே இல்லை. மாற்றித் தர மறுத்துவிட்டார். அத்தனையும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த தரவு என்று அட்டையில் ஒரு வரி இல்லை. காசு கேட்பது குற்றமல்ல. எதற்குக் காசு என்பதை மறைப்பது குற்றம். வாங்குபவர் பெரும்பாலும் கணினி தெரியாத பெற்றோர் என்பது இவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

கே: 10 வயது மகளுக்கு 6 காய் தொகுப்பு போட 1 டிபி எஸ்எஸ்டி வாங்கட்டுமா?
- வாசகி, ஈரோடு

ப: வேண்டாம். 5 காய் வரையிலான சிஸிஜி 1 ஜிபிகூட இல்லை. இருக்கும் கணினியிலேயே அடங்கும். 7 காய் வரை பார்க்க வேண்டுமென்றால் லிச்செஸ் தளத்தில் இலவசம்.