டாம்பாவில் வீடு: நூறு வருடக் கணக்கை நம்பலாமா?

கேள்வி: கணவருக்கு வேலை மாற்றல். டாலஸிலிருந்து ஃப்ளோரிடாவின் டாம்பா பக்கம் குடிபோகிறோம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஷோர் ஏக்கர்ஸ் பகுதியில் 1960களில் கட்டிய ஒரு தரைத்தள வீடு பிடித்திருக்கிறது. "டாம்பாவை நூறு வருடமாகப் பெரிய சூறாவளி எதுவும் நேராகத் தாக்கியதில்லை" என்கிறார் வீட்டுத் தரகர். 2024-இல் மில்டன்கூடத் தெற்கே விலகிப் போய்விட்டதாமே. துணிந்து வாங்கலாமா?

பதில்: தரகர் சொன்னது பொய்யில்லை. காற்றின் வேகத்தை வைத்துச் சூறாவளியை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். அதில் மூன்றாம் வகையோ அதற்கு மேலோ உள்ள ஒரு சூறாவளியின் மையம் டாம்பா விரிகுடாப் பகுதியில் கடைசியாகக் கரையேறியது 1921 அக்டோபர் 25-இல், டார்பன் ஸ்பிரிங்ஸ் அருகே. அன்று டாம்பா ஐம்பதாயிரம் பேர் வாழ்ந்த ஊர். இன்று சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் முப்பது லட்சத்துக்கு மேல். ஆனாலும் வீடு வாங்குகிறவர் மையம் எங்கே போனது என்று பார்ப்பதைவிட, கடல்நீர் எதுவரை வந்தது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் 2024 செப்டம்பர் 26 ஒன்றே போதும். ஹெலீன் சூறாவளியின் மையம் டாம்பாவிலிருந்து 100 மைலுக்கும் அப்பால், கடலிலேயே வடக்கு நோக்கிப் போய், பெரி என்ற ஊர்ப் பக்கம் கரையேறியது. டாம்பா விரிகுடாவிலோ கடல் ஆறேழு அடி ஏறி ஊருக்குள் வந்தது. 1921-க்குப் பிறகு அங்கே தண்ணீர் அவ்வளவு ஏறியதே இல்லை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க் இருக்கும் பினெலாஸ் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போல) மட்டும் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். நீங்கள் பார்க்கும் ஷோர் ஏக்கர்ஸில் வீடு வீடாகத் தண்ணீர் புகுந்தது. அதற்கு முந்தைய வருடம் இடாலியா வந்தபோதும் அங்கே இதே கதைதான்.

இரண்டு வாரம் கழித்து மில்டன். அக்டோபர் 9 இரவு அது சரசோட்டா அருகே சியெஸ்டா கீ தீவில் கரையேறியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 18 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டியது, பேஸ்பால் அரங்கத்தின் கூரை கிழிந்தது. ஆனால் விரிகுடாவில் கடல் உள்வாங்கியது! காரணம் எளிது. வட அரைக்கோளத்தில் சூறாவளிக் காற்று கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழலும். டாம்பா மேற்கு பார்த்த கரை. மையம் அதற்குத் தெற்கே போனால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசி, தண்ணீரை வெளியே தள்ளும். வடக்கே போனாலோ, மேற்கே கடலோடு போனாலோ, காற்று கடல்நீரை விரிகுடாவுக்குள் திணிக்கும். அங்கே கடற்படுகை வெகுதூரம் ஆழமில்லாமல் இருப்பதால், தள்ளப்பட்ட நீர் அடியில் இறங்க வழியின்றி உயரும். 2017-இல் இர்மாவின்போதும் 2022-இல் இயனின்போதும் இதேபோலக் கடல் உள்வாங்கியது. இயன் கரையேறியது தெற்கே கயோ கோஸ்டாவில். அதன் வலப்பக்கம் இருந்த ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி வரை தண்ணீர். மில்டன் கொஞ்சம் வடக்கே தள்ளிக் கரையேறியிருந்தால் அதே கதி உங்கள் தெருவுக்கு நேர்ந்திருக்கும்.

நூறு வருடம் தப்பியதற்கும் விளக்கம் உண்டு. டோக்கோபாகா பழங்குடியினரின் மண்மேடுகள் ஊரைக் காக்கின்றன என்று அங்கே ஒரு நம்பிக்கை. உண்மையில் காத்தது கோணம்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் மெக்ஸிகோ வளைகுடாவுக்குள் வரும் சூறாவளிகள் பெரும்பாலும் வடக்கு, வடமேற்கு நோக்கிப் போகும். அதாவது இந்தக் கரைக்கு ஏறக்குறைய இணையாக. டாம்பாவைத் தாக்க அவை கிழக்கே திரும்ப வேண்டும். இணையாக வரும் புயல் கொஞ்சம் திரும்பினாலே கரையேறும் இடம் பல பத்து மைல் மாறிவிடும். 2004-இல் டாம்பாவை நோக்கி வருவதாகக் கணித்த சார்லி, கடைசி நேரத்தில் திரும்பிப் புன்டா கோர்டா பக்கம் புகுந்தது. அக்டோபரில், மேற்கிலிருந்து வீசும் மேலைக் காற்று தெற்கே இறங்கிப் புயல்களைக் கிழக்கே திருப்பும். 1921, மில்டன் இரண்டும் அக்டோபர் புயல்கள். அதனால் செப்டம்பர் முடிந்ததும் ஆசுவாசப்படாதீர்கள். சீசன் நவம்பர் 30 வரை.

சரி, வீட்டுக்கு வருவோம். வகை எண் காற்றின் வேகத்தை மட்டும்தான் சொல்லும். நீங்கள் கேட்க வேண்டியது வீட்டின் தரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று காட்டும் தரைமட்டச் சான்றிதழ், அதாவது எலிவேஷன் சர்டிஃபிகேட். வெள்ள இன்சூரன்ஸ் க்ளெய்ம் செய்ததையும், வெள்ளச் சேதத்துக்கு மத்திய அரசின் உதவி பெற்றதையும் விற்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஃப்ளோரிடாவில் 2024 அக்டோபர் 1 முதல் இது சட்டம். அந்தத் தாளைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த வீட்டில் எனக்குப் பெரிய கவலை ஐம்பது சதவீத விதி. வெள்ள அபாயப் பகுதியில் உள்ள வீட்டைச் சேதத்துக்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவு, சேதத்துக்கு முன் கட்டடத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் (நில மதிப்பு சேராது) பாதியை எட்டினால், இன்றைய விதிப்படி வீட்டையே உயர்த்த வேண்டும், இல்லையேல் இடித்துக் கட்ட வேண்டும். பழைய தரைத்தள வீட்டில் கட்டட மதிப்பு குறைவு, நிலத்துக்குத்தான் விலை. ஒரே வெள்ளத்தில் பாதியை எட்டிவிடும்.

என் கருத்து: உயர்த்தப்படாத இந்த வீடு வேண்டாம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலேயே கரையைவிட்டு உள்ளே நகர்ந்தால் மேடான பகுதிகள் இருக்கின்றன. தேடும்போது இரண்டு வரைபடம் பாருங்கள்: மத்திய அரசின் பேரிடர் அமைப்பான ஃபீமாவின் வெள்ள மண்டலம், கவுண்டியின் வெளியேற்ற மண்டலம். இரண்டும் வேறு வேறு. வெளியேற்ற மண்டலம் 'ஏ' என்றால் முதலில் கிளம்பச் சொல்வது உங்களைத்தான். அப்படிக் கிளம்ப நேர்ந்தால் ஜார்ஜியா வரை ஓட வேண்டியதில்லை. பெரும்பாலும் சில மைல் தள்ளி, மேடான இடத்தில் உள்ள உறுதியான கட்டடம் போதும்.

எங்கே வாங்கினாலும் வெள்ள இன்சூரன்ஸைத் தனியாக எடுங்கள். சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் கடல்நீர் புகுந்த சேதத்துக்குத் தராது. மத்திய அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு அதிகபட்சம் 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் கிடைக்கும். வங்கிக் கடனோடு சேர்த்து எடுத்தால் உடனே அமலாகும். ரொக்கமாக வாங்கினால் 30 நாள் காத்திருக்க வேண்டும். அப்போது விற்பவரின் நடப்பு பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றித் தர முடியுமா என்று கேளுங்கள். திட்டத்தில் அதற்கு இடமுண்டு.